பூனைவால் யாருடைய சொல்? அனுமதி பெறாத இணைய எழுத்தும் வணிகச் செயற்கை நுண்ணறிவும்

பாவுநூல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் தந்தையும் பாட்டியும் சென்னிமலையில் தறி நெய்தவர்கள். 2009 முதல் 2016 வரை ஒரு வலைப்பதிவில் நெசவுச் சொற்களை எழுதி வந்தேன். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, அச்சு, படமரம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதிவு எழுதி, அதை யாரிடம் கேட்டேன், எந்தத் தெருவில் கேட்டேன் என்பதையும் சேர்த்து வைத்தேன். விளம்பரம் போட்டதில்லை, அதனால் எனக்கு ஒரு ரூபாய்கூட வந்ததில்லை, வரவேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

சென்ற வாரம் என் பேத்தி பள்ளிச் செயல்திட்டத்துக்காக ஓர் உரையாடல் செயலியிடம் கைத்தறி நெசவைப் பற்றிக் கேட்டு, வந்த விடையை எனக்குப் படித்துக் காட்டினாள். பழைய பாவின் (தறியில் நீளவாட்டில் ஓடும் நூலின்) முனைகளோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைக்கும் வேலையைச் சொல்லும் இடத்தில், “விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் ஒரே உருட்டில் சேர்ப்பார்கள், மிஞ்சும் நுனிகளின் கற்றையை நெசவாளர்கள் பூனைவால் என்பர்” என்று இருந்தது. அதைக் கேட்டவுடன் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பூனைவால் நெசவாளர் வழக்கே இல்லை. அது என் பாட்டி உண்டாக்கிய சொல். பாவு பிணைத்து முடித்ததும் மிஞ்சிய நூல் நுனிகளைச் சேர்த்துக் கட்டி, அழுகின்ற குழந்தையின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவார். அந்தக் குழந்தை நான்தான். எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி அந்தச் சொல் எங்கும் போனதில்லை. 2011-இல் ஒரு பதிவில் இதை எழுதியபோது, அடுத்த வரியிலேயே “இது எங்கள் வீட்டில் மட்டும் வழங்கிய பெயர்” என்றும் எழுதினேன். செயலி முதல் வரியை எடுத்துக்கொண்டது. இரண்டாம் வரி அதில் இல்லை. என் பெயரும் இல்லை, பாட்டியும் இல்லை. சாம்பலைத் தொட்டு ஒரே உருட்டில் சேர்ப்பது என்ற வாக்கியம் ஏறத்தாழ நான் எழுதியபடியே இருக்கிறது.

அந்தச் செயலிக்கு மாதச் சந்தா உண்டு. என் எழுத்தை எடுத்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்பது என் முதல் கேள்வி. என் பேத்தி தன் குறிப்பேட்டில் “நெசவாளர்கள் பூனைவால் என்பர்” என்று எழுதிவிட்டாளே, அந்தப் பிழைக்குப் பொறுப்பு யார் என்பது இரண்டாவது கேள்வி. இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் சட்டம் அறிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கடலோரம் எழுதியது:

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் கடவுச்சொல் இல்லாமல் பொதுவில் வைத்த எழுத்து, கோடையில் தெருமுனையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலைப் போன்றதுதானே? வருகிறவர் யார், எதற்குக் குடிக்கிறார் என்று பந்தல் வைத்தவர் கேட்பதில்லை.

தரவுப்பொறி எழுதியது:

நான் மொழி மாதிரிகளுக்கு, அதாவது இத்தகைய உரையாடல் செயலிகளை இயக்கும் நிரல்களுக்கு, பயிற்சித் தரவு தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆசிரியர் அம்மாவின் பதிவைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. இருந்தாலும் என் தரப்பையும் முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

மாதிரி உங்கள் பதிவைக் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் பார்த்து, ஒரு சொல்துண்டுக்குப் (சொற்களை உடைத்து மாதிரி கையாளும் சிறு கூறு) பின் எது வரும் என்பதைக் கணிக்கக் கற்கிறது. அந்தக் கற்றல் எண்களாகத்தான் உள்ளே தங்குகிறது. ஒரு மாணவர் நூலகத்தில் நூறு நூல்களைப் படித்துவிட்டுத் தன் மொழியில் எழுதுவதோடு இதை ஒப்பிடுவது எங்கள் துறையில் வழக்கம். அந்த ஒப்பீட்டில் உண்மை உண்டு என்றே நானும் நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007-இல் தொடங்கிய காமன் கிரால் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இணையப் பக்கங்களைத் திரட்டித் திறந்து வைக்கிறது. பெரும்பாலான மாதிரிகளுக்கு அதுதான் முதல் மூலப்பொருள். அதில் ஆங்கிலம் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இருக்கிறது. தமிழ் நூற்றில் ஒரு பங்கின் பத்தில் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு குறைவான எழுத்திலிருந்து தமிழைக் கற்றதால்தான், தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதலான சொல்துண்டுகள் செலவாகின்றன, விடையும் தரம் குறைகிறது. அனுமதி பெற்ற எழுத்தை மட்டுமே எடுக்கலாம் என்று விதி வந்தால், ஆங்கிலப் பதிப்பகங்களோடு ஒப்பந்தம் போடப் பணம் இருக்கும்; தமிழ் வலைப்பதிவர் ஒவ்வொருவரையும் தேடிப்போக யாரும் முன்வர மாட்டார்கள். கடைசியில் இயந்திரமே மொழிபெயர்த்துக் கொட்டிய தமிழ்ப் பக்கங்களைப் படித்து அடுத்த இயந்திரம் தமிழ் கற்கும். உங்கள் பேத்தியின் தலைமுறைக்கு அதைவிடக் கேடு வேறு உண்டா என்று யோசித்துப் பாருங்கள், அம்மா.

பாவுநூல் எழுதியது:

கடலோரம் அவர்களுக்கு: தண்ணீர்ப் பந்தல் நல்ல உவமை, நானும் அப்படித்தான் நினைத்து எழுதினேன். ஆனால் பந்தலுக்கு முன்னால் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, பானையைக் கவிழ்த்து நிரப்பிக்கொண்டு, அடுத்த தெருவில் புட்டியில் அடைத்து விற்கிறவரைத் தாகத்துக்குக் குடிக்க வந்தவர் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். குடிக்கிறவர் தொகைக்கு ஏற்பப் பானை வைக்கிறோம். லாரிக்கு என்று ஒருவரும் பந்தல் போடுவதில்லை.

தரவுப்பொறித் தம்பிக்கு: நீங்கள் மனம் விட்டு எழுதியதற்கு நன்றி. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்பதால் மாணவர் என்ற ஒப்பீட்டை நான் எளிதில் விட்டுவிட முடியாது. படித்ததைத் தன் மொழியில் எழுதிய மாணவனிடம், “இதை எங்கே படித்தாய்?” என்று கேட்டால் அவன் சொல்வான். சொல்லத் தெரியாவிட்டால் மதிப்பெண் குறைப்போம். நன்னூல், பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றை எண்ணும்போது ஆக்கியோன் பெயரை முதலிலும் வழியை இரண்டாவதாகவும் வைக்கிறது. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு நூல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை நம்பி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது நம் மொழியில் புதிய எண்ணம் இல்லை.

தமிழ் எழுத்து குறைவு என்றீர்கள். என் கவலையே அதில்தான் இருக்கிறது. நெசவைப் பற்றி ஆங்கிலத்தில் ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். ஒருவர் வீட்டுச் செல்லப்பெயர் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். தமிழில் பாவு பிணைப்பதைப் பற்றி எழுதியவர்கள் நான்கைந்து பேராகத்தான் இருப்போம். அதனால் ஒரு கிழவி சொன்னது நெசவாளர் சமூகம் சொன்னதாக மாறிவிடுகிறது. எழுதியவர்கள் குறைவாக இருக்கும் மொழியில், ஒவ்வொருவர் எழுத்தின் மேலும் இயந்திரம் சாயும் பாரம் கூடுகிறது. அப்படியிருக்க, பெயர் சொல்லும் கடமை குறையுமா, கூடுமா?

எழுத்தாணி எழுதியது:

நான் மதுரைத் திட்டத்தில் சில நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தவன். பழந்தமிழ் நூல்களை மின்கோப்புகளாக்கி இணையத்தில் வைக்க 1998 பொங்கலில் தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சியைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒரு முகப்புப் பக்கம் உண்டு. தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புத் திருத்தியவர் யார், எந்த அச்சுப் பதிப்பை வைத்து உள்ளிட்டோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோப்பை யார் வேண்டுமானாலும் தாராளமாகப் பகிரலாம். அந்த முகப்பை மட்டும் நீக்கக் கூடாது. நாங்கள் கேட்ட கூலி அவ்வளவுதான்.

இரவு பதினொரு மணிக்கு மேல் பழைய அச்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, றகரமா ரகரமா என்று மங்கிய எழுத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்கள் அந்த முகப்பில் இருக்கின்றன. தட்டச்சு செய்தவர்களில் பலரை நான் நேரில் பார்த்ததே இல்லை; மின்னஞ்சல் மட்டும்தான் பழக்கம். சிலர் இன்று இல்லை. அவர்கள் பெயர் தங்கியிருக்கும் இடங்களில் அந்த முகப்பும் ஒன்று.

பயிற்சித் தரவைத் துப்புரவு செய்யும்போது, பல கோப்புகளில் ஒரேபோல் திரும்ப வரும் பகுதிகளை இரைச்சல் என்று நீக்குவார்கள் என்று படித்தேன். எங்கள் முகப்பும் எல்லாக் கோப்பிலும் ஏறத்தாழ ஒரேபோல்தான் இருக்கும். தரவுப்பொறி அவர்களே, நீக்காமல் வைத்திருக்கும்படி நாங்கள் கேட்ட ஒரே பக்கம்தான் முதலில் நீங்குகிறதா?

உ. வே. சாமிநாதையர் பதிப்புகளின் முகவுரைகளைப் புரட்டிப் பாருங்கள். ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருப்பார். ரயிலிலும் வண்டியிலும் ஊர் ஊராக அலைந்து தேடியவருக்கு, ஓர் ஏட்டை வீட்டுப் பரணில் வைத்துக் காத்தவரின் பெயரைச் சொல்லப் பக்கம் இருந்தது.

சட்டக்குறிப்பு எழுதியது:

நான் வழக்கறிஞர். சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, அது எங்கே போதவில்லை என்று நான் நினைப்பதையும் சொல்கிறேன். இதை யாருக்கும் உரிய தனிப்பட்ட சட்ட ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

இந்தியாவில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. ஆசிரியர் அம்மா பதிவை எழுதிய கணத்திலேயே 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை அவருடையது. வலையில் இலவசமாக வைத்ததால் உரிமையைத் துறந்ததாக ஆகாது. ஆனால் பூனைவால் என்ற தனிச் சொல்லுக்கோ, பாவு பிணைக்கும் முறைக்கோ பதிப்புரிமை கிடையாது. அவர் எழுதிய வாக்கியங்களுக்குத்தான் உண்டு. 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூடத் தன் படைப்பைத் தனது என்று கோரும் தனி உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. விஞ்ஞான் பவனில் இருந்து அகற்றப்பட்ட தம் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் அவருக்கு இழப்பீடும் சிற்பத்தின் எச்சங்களும் கிடைக்கச் செய்தது. எழுத்தாணி அவர்களின் முகப்பு நிலை வேறு. பழைய நூல்களின் பதிப்புரிமைக் காலம் முடிந்திருப்பதால் அந்த நிபந்தனைக்குச் சட்டத்தின் வலு குறைவு. அறத்தின் வலு குறையவில்லை.

இயந்திரப் பயிற்சியைப் பொறுத்தவரை, ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குதான் இந்தியாவில் இந்தக் கேள்வியை நேராக எழுப்பியது. அமெரிக்காவில் 2025 ஜூனில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீதான வழக்கில் நீதிபதி வில்லியம் ஆல்சப், நூல்களை வைத்துப் பயிற்சி தருவது நியாயமான பயன்பாடு, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு என்றார். அதே தீர்ப்பில், திருட்டு நூலகத் தளங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட நூற்படிகளை இறக்கி வைத்துக்கொண்டதை அப்படி ஏற்க முடியாது என்றார். அந்த வழக்கு 150 கோடி டாலருக்கு உடன்பாடாகி, ஒரு நூலுக்குச் சுமார் 3,000 டாலர் என்று கணக்கானது. மெட்டா மீதான வழக்கில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்த்தாலும், எழுத்தாளர்கள் சந்தை இழப்பைச் சரியாக நிறுவவில்லை என்பதையே காரணமாகக் காட்டினார்; அதே ஆண்டு நவம்பரில் முனிச் நீதிமன்றம், ஜெர்மன் பாடல் வரிகளை மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பதே உரிமை மீறல் என்று ஓப்பன்ஏஐக்கு எதிராகத் தீர்த்தது.

அந்த 150 கோடி டாலர் உடன்பாட்டில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பட்டியலில் ஒரு நூல் இடம்பெற, அது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் குறித்த காலத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். தமிழில் எழுதி, திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ நூல் போட்ட ஒருவர் வாஷிங்டனில் பதிவு செய்திருப்பாரா? எழுத்து யாருடையது என்று பார்க்காமல் எடுத்தார்கள். பணம் கொடுக்கும் நேரத்தில் மட்டும் பதிவுச் சீட்டு கேட்கப்படுகிறது. வலைப்பதிவருக்கு அந்தச் சீட்டும் கிடையாது.

சிறுபதிப்பு எழுதியது:

நான் சிறு பதிப்பகம் நடத்துகிறேன். ஒரு நூல் 300 படி அச்சிட்டு, அதை விற்க இரண்டு புத்தகக் கண்காட்சி ஆகும். ஆசிரியர் அம்மாவும் எழுத்தாணி ஐயாவும் பெயரைக் கேட்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் பெயர் சோறு போடாது. எங்கள் வட்டார அகராதி ஒன்றை ஆறு ஆண்டு உழைத்துத் தொகுத்தவருக்கு நான் கொடுத்த உரிமைத்தொகை அவர் பேருந்துச் செலவுக்குக்கூடப் போதவில்லை. அந்த நூலின் திருட்டுப் பிடிஎஃப் வெளியான மூன்றாம் மாதமே சுற்ற ஆரம்பித்தது. இணையத்தைத் திரட்டுகிற இயந்திரத்துக்கு என் கடையில் வாங்கிய படியும் திருட்டுப் படியும் ஒன்றுதான்.

எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1949-இல் பாரதியின் படைப்புரிமையைச் சென்னை மாகாண அரசு பெற்றது; பின்னர் அது பொதுமக்களுக்கு ஆக்கப்பட்டது. பிற்பாடு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை மாநில அரசு நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து வருகிறது. தொகை போதுமா என்பது வேறு பேச்சு. எல்லோரும் படிக்க வேண்டும் என்ற பொதுநலம் வந்தபோதும், அரசு குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசி, கையெழுத்து வாங்கி, பணம் கொடுத்தது. நூலின் மேலட்டையிலிருந்து எழுதியவர் பெயரை அழிக்கவில்லை. உலகத்துக்கே பயன் என்று சொல்லும் நிறுவனங்கள், அதே பொதுநலத்தைக் காட்டி எடுத்ததைத் தங்கள் சொத்தாக வைத்துக்கொள்கின்றன.

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. பயிற்சிக்கு எடுப்பதை எழுத்தாளர் மறுக்க முடியாது; மாறாக, வணிகம் செய்யும் நிறுவனம் வருவாயில் ஒரு பங்கை ஒரே அமைப்பிடம் கட்ட, அது எழுத்தாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த நூல் எந்த மாதிரிக்குள் போனது என்ற கணக்கு இல்லாமல் எதை வைத்துப் பிரிப்பார்கள்? ஆகவே அம்மா கேட்கும் பெயரும் நான் கேட்கும் பணமும் கடைசியில் ஒரே பேரேட்டில்தான் போய் முட்டுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தரவுப்பொறி எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். எழுத்தாணி ஐயாவின் கேள்விக்கு நேரான விடை: ஆம். முகப்பு, ஆசிரியர் குறிப்பு, பக்கவாட்டுப் பட்டை, பின்னூட்டம் எல்லாம் பெரும்பாலும் துப்புரவில் போய்விடும். ஆசிரியர் அம்மாவின் இரண்டாவது வரி எப்படித் தொலைந்தது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பதிவில் அது இருந்தும், ஒப்பீட்டளவில் பொதுவான வாக்கிய அமைப்பின் பக்கம் மாதிரி சாய்ந்திருக்கலாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. காமன் கிரால் கோப்புகளில் ஒவ்வொரு பக்கத்தோடும் அதன் முகவரியும் எடுத்த நாளும் இருக்கின்றன. துப்புரவு முடிந்து வெளியாகும் திறந்த தரவுத் தொகுப்புகள் பலவற்றிலும் முகவரி ஒட்டிக்கொண்டே வருகிறது. பயிற்சிக்குள் ஊட்டும் கடைசிப் படியில்தான் அதைக் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் கொடுக்கிறோம். ஆகவே சிறுபதிப்பு அவர்கள் கேட்கும் பேரேட்டை வைப்பது முடியாத காரியம் இல்லை. எந்த விடை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொரு வரிக்கும் காட்டுவது கடினம். எந்தெந்தத் தளங்களைப் பயிற்சிக்கு எடுத்தோம் என்று பட்டியல் வெளியிடுவது கடினம் இல்லை. வழக்கு வரும் என்ற அச்சத்தில்தான் பல நிறுவனங்கள் வெளியிடுவதில்லை.

விலகல் வாய்ப்பைப் பற்றியும் கேட்பீர்கள். எந்தப் பக்கங்களை எடுக்க வேண்டாம் என்று திரட்டும் இயந்திரங்களுக்குச் சொல்லத் தளத்தில் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பு 1994-இல் தேடுபொறிகளுக்காக வந்த மரியாதை வழக்கம், மதிக்கிறவர்கள் மதிப்பார்கள். இன்று வைத்தால் நாளை வரும் திரட்டியை நிறுத்தலாம். 2011 பதிவை ஏற்கெனவே கற்றுவிட்ட மாதிரியிலிருந்து அதை மட்டும் பிரித்தெடுக்க இன்று நம்பகமான வழி இல்லை.

கேட்டு வாங்கவும் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில், மாவட்டம் மாவட்டமாகப் போய், பேசுகிறவரின் ஒப்புதலைப் பெற்றுப் பேச்சைப் பதிவு செய்தது. அதற்குக் காலம் பிடித்தது, ஆள் பிடித்தது. தமிழ் வலைப்பதிவரைத் தேடிப்போக யாரும் முன்வர மாட்டார்கள் என்று நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் நிறுவனத்தில் தமிழ்த் தரவுக்காவது தளப்பட்டியலை வெளியிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எழுத்தாணி எழுதியது:

நன்றி, தம்பி. தண்ணீர்ப் பந்தல் பேச்சுக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்குப்படி, 2024 ஜனவரி தொடங்கி அவர்களது படங்களையும் காணொளிகளையும் இறக்கும் தரவுப் போக்குவரத்து 50 விழுக்காடு கூடியது. கூடுதலாக வந்தவர்களில் பெரும்பகுதி மனிதர்கள் இல்லை, பயிற்சிக்குத் திரட்டும் இயந்திரங்கள். அந்த ஆண்டு பிற்பகுதியில், மனிதர் வருகை சுமார் 8 விழுக்காடு குறைந்ததாகவும் அவர்களே எழுதினார்கள். விடை செயலியிலேயே கிடைத்துவிட்டால் பந்தலுக்கு யார் வருவார்? வருகிறவர்களில் ஒருவர்தான் நாளைக்குத் தட்டச்சு செய்ய உட்கார்வார். நானும் அப்படி வந்தவன்.

பாவுநூல் எழுதியது:

எல்லோர் மறுமொழியையும் இரண்டு முறை படித்தேன். சட்டக்குறிப்பு ஐயா விளக்கியதிலிருந்து, நான் வழக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்பது தெளிவாகிவிட்டது. அதற்கு எனக்கு வயதும் இல்லை. சிறுபதிப்பு சொல்வதை நான் மறுக்கவில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, அதனால் பெயர் போதும் என்று என்னால் சொல்ல முடிகிறது. ஆறு ஆண்டு அகராதி தொகுத்தவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

என் மனத்தை அறுப்பது வேறு. சொன்னவர் பெயரை நீக்கியதால் என் பாட்டிக்கு மட்டும் இழப்பு என்று முதலில் நினைத்தேன். பெயர் இருந்திருந்தால் என் பேத்தி, “ஒரு பாட்டி இப்படிச் சொன்னாராம்” என்று எழுதியிருப்பாள். அது உண்மையாக இருந்திருக்கும். பெயரைக் கழற்றியதும் அதே வரி பொய்யாகிவிட்டது. எடுத்தவர்கள் என்னிடம் கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேன், கூடவே அந்த இரண்டாவது வரியை விடாதீர்கள் என்றும் சொல்லியிருப்பேன். அந்த ஒரு பேச்சு நடக்கவில்லை.

தம்பி சொன்ன துப்புரவு முறையைக் கேட்டபின், தனிக் குறிப்புகளாகப் பக்கத்தில் வைத்ததையெல்லாம் பதிவின் வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவர ஆரம்பித்திருக்கிறேன். 112 பதிவுகள் இருக்கின்றன. இதுவரை ஒன்பதை மாற்றினேன். 2011 பதிவு இப்போது இப்படித் தொடங்குகிறது: “பாவு பிணைத்தபின் மிஞ்சும் நூல் நுனிகளைப் பூனைவால் என்று சென்னிமலையில் என் பாட்டி ஒருவர் மட்டும், என்னைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னார், மற்ற நெசவாளர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.” படிக்க முன்பு போல் இனிமையாக இல்லை. என் பேத்தியும் குறிப்பேட்டைத் திருத்திவிட்டாள்.

தறிமேடை எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் குடும்பமும் நெசவுக் குடும்பம்தான், ஊர் பரமக்குடிப் பக்கம். அறுந்த இழையை முடிச்சுப் போடும் ஒரு வகைக்கு என் அம்மா ஒரு பெயர் சொல்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு இப்போது 84 வயது. நினைவு விட்டு விட்டு வருகிறது. ஆசிரியர் அம்மாவின் பதிவுக்குப் பின்னூட்டமாக அதை எழுதலாம் என்று தட்டச்சு செய்தேன், அனுப்பாமல் அழித்துவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பாவுநூல் எழுதியது:

தம்பி, ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால், இன்றைக்கே எழுதுங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் கையில் நூலைக் கொடுத்து அந்த முடிச்சைப் போடச் சொல்லுங்கள். சொல்லை எழுதி, அதன் அருகிலேயே அவர் பெயரையும் தெருவையும் தேதியையும் எழுதுங்கள். இணையத்தில் போடுவதா என்பதை அம்மாவிடமே கேளுங்கள்.